ஏழாம் பிளாக் திரும்பிய திசை

நாவலேரிக் குடியிருப்பின் ஏழாம் பிளாக் முதன்முதலாகத் திரும்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து பாதிப் பேர் படுத்துக்கொண்டும் மீதிப் பேர் பாத்திரம் கழுவிக்கொண்டும் இருந்த வேளையில். குடங்களில் இருந்த தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சிந்தாமல் அப்படியே நின்றது. கொடியில் காய்ந்த துணிகள் எல்லாம் ஒரே பக்கமாகக் கைநீட்டின. கட்டிய நாளிலிருந்து வெயிலையே பார்த்திராத சமையலறைகளுக்குள் ஒரு வெயில் கீற்று நுழைந்து, தரையைக் கடந்து, அடுப்பு மேடையில் ஏறி, உப்பு ஜாடியின்மேல் உட்கார்ந்தது. முன்பக்கத்து ஜன்னல்களில் எப்போதும் தெரிகிற சதுப்பு நிலமும் கோரைப்புல்லும் மெல்ல வலப்பக்கம் நகர்ந்து போக, அவை இருந்த இடத்தில் எட்டாம் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியும், அதற்கும் பின்னால், துணியில் ஓடிய நீல நூல் மாதிரி, கடலும் வந்து நின்றன. நாங்கள் யாரும் கத்தவில்லை. தரைத்தளத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் சுலோச்சனா, எங்கள் பிளாக் சங்கத்தின் தலைவி, மாவுக் குண்டானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இதை யார் செய்கிறார்கள் என்று மட்டும் யோசித்தாள். மூன்றாம் மாடியிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் அவள் படியேறினாள்.

சுட்டுக்கொண்டிருந்தவள் பவுலினா. வெளிநாட்டில் விற்கப்போகிற வீடியோ கேம்களை, விற்பதற்கு முன்னால் ஆடிப் பார்த்து எங்கே பிசகுகிறது என்று சொல்வது அவள் உத்தியோகம். ஐ.டி. சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து சுட்டுவிட்டு, சாயங்காலம் அம்மாவுக்கு மீன் கூடையைத் தூக்கிக் கொடுக்க வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்போது அவளிடம் கொடுத்திருந்த ஆட்டத்தில், கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள் இரும்புப் பூச்சிகளைச் சுட வேண்டும். ஆடுகிறவர் தன் கண்ணாலேயே சுரங்கத்தைப் பார்ப்பது மாதிரி டிவியில் தெரியும். கையில் ரிமோட் போல ஒரு குச்சி. அதை டிவிக்கு நேரே நீட்டினால் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். மணிக்கட்டு போகிற பக்கம் புள்ளி போகும், பொத்தானை அழுத்தினால் புள்ளி நிற்கிற இடத்தில் குண்டு பாயும். சுடுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் திரும்புவதில்தான். பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் புள்ளியைத் திரையின் ஓரத்துக்குத் தள்ள வேண்டும், அப்போதுதான் சுரங்கம் திரும்பும். குறி வைப்பதற்கும் திரும்புவதற்கும் ஒரே கை என்பதால், திரும்ப நினைத்தால் வைத்த குறியை விட வேண்டும், குறியை விடாவிட்டால் திரும்ப முடியாது, திரும்பி முடித்துப் புள்ளியை நடுவுக்குக் கொண்டுவருவதற்குள் பூச்சி கடித்துவிடும். வேகமாகத் திரும்ப வைத்தால் ஆடுகிறவர்களுக்குத் தலை சுற்றுகிறது, மெதுவாக வைத்தால் செத்துப்போகிறார்கள், இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வா என்று சொல்லித்தான் ஆபீஸில் அந்தக் குச்சியையும் டிவியில் மாட்டுகிற பெட்டியையும் அவளிடம் கொடுத்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுப்பியிருந்தார்கள்.

சுலோச்சனா வாசலில் நின்று டிவியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். திரையில் சுரங்கம் வலப்பக்கம் ஓடியபோது ஜன்னலில் எட்டாம் பிளாக்கும் வலப்பக்கம் ஓடியது.

“நீதான் திருப்புறியா?”

“அப்படித்தான் தெரியுதுக்கா.”

“சரி, மெதுவா திருப்பு. நாலாவது மாடியில ரெண்டு பேர் வாந்தி எடுத்துட்டாங்க.”

பவுலினா வருத்தம் தெரிவித்து, வேகத்தைக் குறைத்து, பிளாக்கைப் பழையபடியே சதுப்பு நிலத்தைப் பார்த்துக் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆனால் அதற்குள் கடலைப் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். எங்கள் பிளாக்கில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் நகரத்துக்குள், ஆற்றங்கரையில், கடற்காற்று வீசுகிற குடிசைகளில் இருந்தவர்கள். லாரிகளில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்து அந்தக் காற்று எங்கள்மேல் பட்டதில்லை. அன்று சாயங்காலமே ஒவ்வொருவராகப் பவுலினா வீட்டு வாசலுக்கு வந்து, ஒன்றும் அவசரமில்லை, முடியும்போது இன்னொரு தடவை அந்தப் பக்கம் காட்டச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரு தண்ணீர்க் குழாய் வந்தால் ஒரு தெரு எப்படிப் பேசிப் பேசி முறை வைத்துக்கொள்ளுமோ அப்படித்தான் நடந்தது. முதலில் யார் கையில் குச்சி இருந்தால் திரும்புகிறது என்று பார்த்தார்கள். மற்றவர்கள் ஆட்டினால் டிவி மட்டும் திரும்பியது, பவுலினா ஆட்டினால் பிளாக்கும் திரும்பியது, அதோடு அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டார்கள். அவள் ஒவ்வொரு பூச்சியைச் சுடும்போதும் சுவர் துடிக்கிறது, சாமி படங்கள் ஆடுகின்றன என்று இரண்டாம் மாடிக்காரர்கள் முறையிட்டார்கள். அதற்குப் பவுலினா ஆட்டத்தின் செட்டிங்ஸில் போய்த் திரையின் நடுவில் ஒரு பெரிய கட்டம் போட்டுக்கொண்டாள். அந்தக் கட்டத்துக்குள் புள்ளி எங்கே அலைந்தாலும் ஒன்றும் அசையாது, கட்டத்தைத் தாண்டி ஓரத்துக்குப் போனால்தான் திரும்பும். அசையாக் கட்டம் என்று அதற்கு நாங்களே பெயர் வைத்தோம். கட்டத்தைத் தாண்டியதும் எடுத்த எடுப்பில் திரும்பாமல், பஸ் கிளம்புகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடிக்கட்டும் என்று மாசமாக இருந்த பெண்கள் கேட்டார்கள். நிற்கும்போதும் அப்படியே தேய்ந்து நிற்கட்டும் என்று மூட்டு வலிக்காரர்கள் கேட்டார்கள். எல்லாவற்றையும் அவள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, ஆபீஸில் மாதக்கணக்காகச் சண்டை போட்டும் கிடைக்காத ஒரு சரியான வேகத்தை எங்கள் வயிற்றையும் முழங்காலையும் வைத்தே கண்டுபிடித்தாள்.

திருப்புவதற்கு முன்னால் சுலோச்சனா படிக்கட்டில் நின்று தாம்பாளத்தைத் தட்டுவாள். நடந்துகொண்டிருப்பவர்கள் உட்காருவார்கள், உட்கார்ந்திருப்பவர்கள் குழந்தையைப் பிடித்துக்கொள்வார்கள். காலையில் சமையலறைப் பக்கம் வெயில், மத்தியானம் எந்தப் பக்கமும் வெயில் படாமல் ஒருக்களித்த நிலை, சாயங்காலம் கடலைப் பார்த்துக் காற்று என்று முறை வந்தது. இரண்டாம் மாடியில் தையல் மெஷின் வைத்திருக்கும் ஹமீது பாய், தொழுகை வேளையில் மட்டும் அசைக்காமல் இருந்தால் போதும், மேற்கு எங்கே இருக்கிறது என்பதை அவர் பார்த்துக்கொள்வார் என்றார். கிழக்குப் பார்த்த வாசல் இல்லையென்று தட்டிப்போன ஒரு கல்யாணத்துக்காக, முகூர்த்த நேரம் முழுவதும் பிளாக்கை முடிந்தவரை கிழக்கே திருப்பி நிறுத்திக் கொடுத்தோம். குழாய்களும் மின்சாரக் கம்பிகளும் கூடவே எப்படித் திரும்புகின்றன என்று பார்க்க ஒரு பிளம்பர் வந்து, கீழே குனிந்து பார்த்து, எழுந்து நின்று, தண்ணீர் வருகிறதா என்று கேட்டு, வருகிறது என்றதும் டீ குடித்துவிட்டுப் போனார்.

ஒரே ஒரு எல்லை மட்டும் இருந்தது. பிளாக்கின் முதுகுப் பக்கம், சற்றுத் தள்ளி, ஒரு மதில். நீளமான கட்டடம் திரும்பினால் அதன் மூலைகள் தன் இடத்தைத் தாண்டிப் போகும் இல்லையா, இடப்பக்கமோ வலப்பக்கமோ கொஞ்சம் கூடுதலாகத் திரும்பினால் மூலை போய் மதிலில் இடித்துவிடும். ஆகையால் மூலைக்கும் மதிலுக்கும் ஒரு முழம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்று சங்கத்தில் முடிவாகியிருந்தது. கடலை முக்கால்வாசி பார்க்கலாம். முழுசாகத் திரும்ப முடியாது.

அந்த மதிலுக்கு அப்பால்தான் வெண்தாமரை என்க்ளேவ். புல்தரையும் நீச்சல் குளமும் உள்ள உயரமான அடுக்குமாடிகள். நாங்கள் வந்து இறங்கியபோது அங்கே மதில் இல்லை, ஒரு வண்டித்தடம் இருந்தது. அதில் நடந்தால் வெற்றிலை போட்டு மென்று முடிப்பதற்குள் மெயின் ரோடு, பஸ் ஸ்டாண்ட், அதற்கு எதிரில் ஆஸ்பத்திரி. மதில் வந்த பிறகு சதுப்பு நிலத்தின் விளிம்போடு சுற்றிக்கொண்டு, குப்பை மேட்டைத் தாண்டி, என்க்ளேவின் நான்கு பக்கத்தில் மூன்று பக்கத்தை அளந்துவிட்டுத்தான் ரோட்டுக்கு வர வேண்டும். பவுலினாவின் அப்பா அந்தோணிராசு ஒரு மழை நாள் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியின் பச்சை விளக்கு தெரிந்தது. ஆட்டோ சேற்றில் மதிலைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மதிலின் நீளம் முழுவதும் பவுலினா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மதில் முடிகிற இடத்தில், இனிமேல் அவசரமில்லை என்று ஆட்டோக்காரரிடம் அவளே சொன்னாள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருநாள் ஜெகதீசன் என்பவர் வந்தார். என்க்ளேவைக் கட்டிய கம்பெனியின் மேனேஜர். இஸ்திரி கலையாத சட்டை, தணிந்த குரல். பவுலினா வீட்டில், அவள் அம்மா மரியபுஷ்பம் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டுவந்த ஆப்பிள்களைத் தரையில் வைத்துவிட்டு, யாரையும் குறை சொல்ல வரவில்லை என்று ஆரம்பித்தார். பிளாக் ஒருக்களிக்கும்போது மதிலுக்கு மேலே வரிசையாக ஜன்னல்கள் எட்டிப் பார்க்கின்றன, துணிக்கொடி தெரிகிறது, கருவாடு தெரிகிறது, வீடு வாங்க வருகிறவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள் என்றார். பழையபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டால், அந்தப் பக்கத்து ஜன்னல்களையும் பூசி அடைத்துவிட்டால், பிளாக்குக்கு லிஃப்ட் போட்டுத் தருகிறோம், வெள்ளையடித்துத் தருகிறோம் என்றார். பவுலினாவுக்கு என்ன வேண்டுமென்றும் கேட்டார்.

அவள் மதிலில் ஒரு வழி கேட்டாள். ஆள் நடக்கிற அளவுக்கு, ஒரு ஆட்டோ போகிற அளவுக்கு.

அது செக்யூரிட்டி சம்பந்தப்பட்ட விஷயம், தன் கையில் இல்லை என்றார் ஜெகதீசன்.

“அப்போ எங்க ஜன்னலும் உங்க கையில இல்ல சார்,” என்றாள் பவுலினா. மரியபுஷ்பம் ஆப்பிள்களை எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

அவர் கோபப்படவில்லை. நேராகப் பவுலினாவின் ஆபீஸுக்குப் பேசினார். வெளியிடாத ஆட்டத்தை ஊர் பார்க்க ஆடிக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னார் போலிருக்கிறது. அடுத்த நாள் குச்சியையும் பெட்டியையும் திருப்பிக் கொடு, நாளையிலிருந்து வராதே என்றார்கள். அவளுக்கு மேலே இருந்த ஹரிணி என்கிற பெண், கையெழுத்து வாங்கும்போது தலை நிமிராமல், அந்தக் கட்டடம் நிஜமாகவே திரும்புகிறதா என்று மெதுவாகக் கேட்டாள். திரும்புகிறது என்றாள் பவுலினா. கையெழுத்து வாங்கி முடித்ததும் ஹரிணி, திரும்பும் வேகம் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்றும் கேட்டாள். பவுலினா சொன்னாள். ஹரிணி அதை எழுதிக்கொள்ளவில்லை. வேலை போனதற்காக இல்லை, அத்தனை மாதம் தேடிய விடையை எழுதிக்கொள்ளக்கூட அங்கே யாருக்கும் தைரியம் இல்லையே என்றுதான் வழியெல்லாம் அவளுக்குப் பொருமிக்கொண்டு வந்தது.

பிளாக் பழைய இடத்தில், சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி, அசையாமல் நின்றது. சமையலறைகள் இருண்டன. சாயங்காலம் ஆனால் எல்லோரும் பழக்கத்தில் இடப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காற்றுக்காக உட்கார்ந்திருந்தோம். பிறகு ஹமீது பாய் தன் மச்சான் வைத்திருந்த பழைய எலெக்ட்ரானிக் சாமான் கடையைக் கிளறி, அதே மாதிரி ஒரு பெட்டியும், ஓரம் உடைந்த ஒரு குச்சியும், அதே சுரங்கம் இல்லாவிட்டாலும் இன்னொரு சுரங்கத்தில் வேறு பூச்சிகளைச் சுடுகிற ஒரு பழைய ஆட்டமும் கொண்டுவந்தார். பவுலினா அதை நீட்டியபோது புள்ளி காய்ச்சல் கண்டவன் கை மாதிரி நடுங்கியது, பிளாக்கும் நடுங்கியது, பாத்திரங்கள் எல்லாம் பல்லை நறநறவென்று கடித்தன. அவள் அசையாக் கட்டத்தை இன்னும் பெரிதாக்கி, மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டதும் நடுக்கம் நின்றது. வெயில் உப்பு ஜாடிக்குத் திரும்பி வந்தது. அன்றைக்குப் பிளாக்கில் எல்லா வீட்டிலும் ஏதாவது ஒன்றைப் பொரித்தார்கள்.

மறுபடி திரும்புகிறது என்று தெரிந்ததும் அரசாங்க நோட்டீஸ் வந்தது. கட்டடம் தன் இடத்தில் நிற்காததால் அது பாதுகாப்பற்றது, ஆகவே எல்லோரையும் காலி செய்து, சதுப்பு நிலத்துக்கும் அப்பால், உப்பளத்துப் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு மாற்றப்போகிறார்கள் என்று அதில் இருப்பது, ஒட்டுவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காலை இட்லி நேரத்தில் ஒரு உதவிப் பொறியாளர், பசை வாளியோடு இரண்டு ஆட்கள், இரண்டு போலீஸ்காரர்கள், கொஞ்சம் தள்ளி ஜெகதீசன். நோட்டீஸைக் கட்டடத்தின் முன்வாசலில் ஒட்டினால்தான் செல்லும் என்பது சட்டம். சுலோச்சனா தாம்பாளத்தைத் தட்டினாள்.

அவர்கள் வாசலை நோக்கி நடந்தார்கள். வாசல் இடப்பக்கம் போனது. அவர்கள் இடப்பக்கம் நடந்தார்கள். வாசல், டேபிள் ஃபேன் தலையைத் திருப்புகிற மாதிரி, தேய்ந்து நின்று, மறுபடி வேகம் பிடித்து, வலப்பக்கம் போனது. பொறியாளர் வெயிலில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் என்று போலீஸ்காரர்களிடம் சொன்னார். யாரிடம் சொல்வது என்று அவர்கள் கேட்டார்கள். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களின் காலெல்லாம் பசை. எங்கள் ஜன்னல்களில் இருந்து யாரோ அவர்களுக்குத் தண்ணீர் நீட்டினார்கள், ஓடிக்கொண்டே வாங்கிக் குடித்தார்கள். இப்படியே வெயில் உச்சிக்கு வரும் வரை நடந்தது, மூன்றாம் மாடியில் பவுலினாவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கடைசியில் ஜெகதீசன் பொறியாளரின் காதில் ஏதோ சொன்னார். ஆட்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் இடப்பக்கத்திலிருந்தும் ஒரு கூட்டம் வலப்பக்கத்திலிருந்தும் வரத் தொடங்கியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரில் ஒரு வாளி.

பவுலினா புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இனிமேல் என்ன செய்வது என்று அம்மாவைப் பார்த்தாள். மரியபுஷ்பம் அவள் மணிக்கட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் ஓடுற பக்கமெல்லாம் நாம திரும்பிக்கினு இருந்தா, நம்மளத் திருப்புறது அவன்தான்டி. நீ இல்ல.”

“வேற எங்கம்மா திரும்புறது?”

“ரோட்டப் பாத்து.”

ரோடு முதுகுப் பக்கம். ரோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பாதி வட்டம் திரும்ப வேண்டும். பாதி வட்டம் திரும்பினால் நடுவில் மதில். பவுலினா எழுந்து படிக்கட்டுக்கு வந்து, ஒன்றும் ஒளிக்காமல், எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி இதைச் சொன்னாள். ஒரு ஆள் வேண்டாமென்றாலும் திருப்ப மாட்டேன் என்றாள். வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஹமீது பாய் மட்டும், மெதுவாகத் திருப்பு, அந்தப் பக்கமும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றார்.

அதுவரை வைத்ததிலேயே மெதுவான வேகத்தை வைத்துக்கொண்டு, கூடையில் முழங்கையை ஊன்றி, பவுலினா புள்ளியைத் திரையின் இடது ஓரத்துக்குத் தள்ளினாள். சுலோச்சனா மொட்டை மாடிக்கு ஏறி, இந்த முறை எங்களுக்காக இல்லாமல் மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்காகத் தாம்பாளத்தைத் தட்டி, மூலை வருகிறது, விலகிக்கொள்ளுங்கள், அவசரமில்லை, சாமான்களை எடுத்துக்கொண்டே விலகுங்கள் என்று கூவினாள். பிளாக் கிளம்பியது. ஒரு முழம் என்று வைத்திருந்த எல்லையை மூலை தாண்டியது, மதிலைத் தொட்டது, தொட்ட இடத்தில் முதலில் சுண்ணாம்பு உதிர்ந்தது, பிறகு மதிலின் உச்சியில் பதித்திருந்த கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன, பிறகு செங்கல் செங்கலாக, யாரோ பொறுமையாக உருவி அடுக்குவது போல, மதில் தளர்ந்து, வயிறு தள்ளி, படுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் வாட்ச்மேன் விசிலை ஊதி ஊதி, ஊதிக்கொண்டே தன் நாற்காலியையும் டிபன் கேரியரையும் எடுத்துத் தூரமாக வைத்தார். இரண்டு பெண்கள் பூந்தொட்டிகளைத் தூக்கிப் போனார்கள். பிளாக்கின் மூலை புல்தரைமேல், ரொட்டிமேல் வெண்ணெய்க் கத்தி போவதுபோல, போய்க்கொண்டிருந்தது.

மேலே பவுலினாவுக்கு வேறொரு கஷ்டம் வந்திருந்தது. புள்ளியை ஓரத்திலேயே வைத்திருந்தால் பூச்சிகளைச் சுட முடியாது. சுடாவிட்டால் ஆட்டத்தில் இருக்கிற ஆள் செத்துப்போவான். ஆள் செத்தால் ஆட்டம் முடிந்துவிடும், பிளாக் பாதியில், மதிலில் வாயை வைத்தபடியே நின்றுவிடும். ஏற்கெனவே இரண்டு கடி விழுந்து திரை சிவந்திருந்தது. புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்து சுட்டாள், பிளாக் நின்றது, கீழே பொறியாளரின் ஆட்கள் வாசலை நோக்கி ஓடி வந்தார்கள். மறுபடி ஓரத்துக்குத் தள்ளினாள், பிளாக் நகர்ந்தது, பூச்சி கடித்தது. அவள் முழங்கையை மரியபுஷ்பம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் பவுலினா ஒன்றைக் கவனித்தாள். திரும்புகிற பக்கத்திலிருந்துதான் புதிய பூச்சிகள் வருகின்றன. வருகிறவை எல்லாம் முதலில் திரையின் இடது ஓரத்தில்தான் தலை காட்டுகின்றன. ஓரத்தில்தான் புள்ளி இருக்கிறது. நடுவுக்குத் திரும்பி வர வேண்டிய தேவையே இல்லை. புள்ளியை அசைக்காமல், திரும்புவதை நிறுத்தாமல், எதிரே வந்து விழுகிறதை மட்டும் சுட்டால் போதும். அத்தனை மாதமும் ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து நடுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோமே என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் பொத்தானை அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அவள் சுடச் சுடப் பிளாக் திரும்பியது. நாங்கள் எல்லோரும் எங்கள் எங்கள் ஜன்னலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடல் வந்தது, இத்தனை நாள் முக்கால்வாசியாகப் பார்த்த கடல், முழுசாக, ஓரம் வெட்டப்படாமல். யாரும் அதோடு நின்றுவிடச் சொல்லவில்லை. கடல் போய், தென்னைகள் வந்து, என்க்ளேவின் உயரமான பால்கனிகள் வந்து, பால்கனிகளில் நின்று எங்களைப் பார்க்கிற முகங்கள் வந்து, அவற்றுக்கு நடுவில், உடைந்த மதிலின் வழியாக, நேராக, மெயின் ரோடும் பஸ் ஸ்டாண்டும் ஆஸ்பத்திரியின் பச்சைப் பலகையும் வந்து எங்கள் முன்வாசலுக்கு எதிரில் நின்றன. பவுலினா குச்சியைக் கீழே வைத்தாள். வீங்கிய கையோடு இறங்கி வந்து, வாசலில் நின்று, பசை வாளிக்காரர்களைக் கூப்பிட்டு, இப்போது ஒட்டிக்கொள்ளுங்கள் என்றாள். அவர்கள் ஒட்டினார்கள். பொறியாளர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். படத்தில் நோட்டீஸோடு சேர்ந்து நாங்கள் எல்லோரும் இருந்தோம், நகரச் சொல்லியும் நகரவில்லை.

போலீஸ்காரர்கள் பவுலினாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அவள் போனாள், ஏழாம் பிளாக் முழுவதும் கூடவே போனது, சுற்றிக்கொண்டு இல்லை, மதில் இருந்த இடத்தின் வழியாகவே. மதிலை இடித்தது எது என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். கட்டடம் என்றாள். கட்டடத்தின்மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று தெரியாமல் அன்றைக்கு அனுப்பிவிட்டார்கள், பிறகு யோசித்து ஒரு வழக்குப் போட்டார்கள், அது முடியும் வரை காலி செய்கிற நோட்டீஸும் கிடப்பில் போனது. அந்த வழக்கு இன்னமும் நடக்கிறது. நாங்களும் அந்த வழியில் நடக்கிறோம். ஜெகதீசன் கம்பெனி மதிலை மறுபடி கட்டியது. சிமெண்ட் காய்ந்ததும் தாம்பாளம் தட்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம், விழுந்தது. இன்னும் கனமாகக் கட்டினார்கள். இன்னும் மெதுவாகச் சுற்றினோம், விழுந்தது. அதற்குப் பிறகு கட்ட வந்த கொத்தனார்களே, செங்கல்லை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எட்டாம் பிளாக்கிலிருந்தும் ஒன்பதாம் பிளாக்கிலிருந்தும் ஆட்கள் வந்து அந்த வழியே நடக்க, புல் தேய்ந்து, பழைய வண்டித்தடம் தானாகவே மேலே வந்துவிட்டது. ஒருநாள் பட்டப்பகலில் நாலாவது மாடிப் பெண்ணொருத்தியைப் பிரசவ வலியோடு ஏற்றிக்கொண்டு ஒரு ஆட்டோ அதில் நேராகப் போனது. மரியபுஷ்பம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள்.

பவுலினாவுக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே கார் ஓட்டுகிற ஆட்டங்கள்தானாம், குறி வைக்க வேண்டியதில்லையாம். சாயங்காலங்களில் இன்னமும் எங்களுக்குக் கடலைக் காட்டுகிறாள். ஆனால் காட்டி முடித்ததும் பிளாக்கை ரோட்டைப் பார்த்தே கொண்டுவந்து நிறுத்திவிடுவாள், சங்கத்தில் அப்படித்தான் முடிவாகியிருக்கிறது. சென்ற வாரம் ஒரு காலை, அவள் வேலைக்குப் போகிறபோது, என்க்ளேவிலிருந்து நாயை நடத்திக்கொண்டு வந்த ஒரு பெண்மணி அவளை நிறுத்தி, நீங்கள்தானே திருப்புகிறவர் என்று விசாரித்தார். ஆமாம் என்றாள். அந்தப் பெண்மணி கெட்டவர் இல்லை. தயங்கித் தயங்கித்தான் பேசினார். தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தால் நேரே எங்கள் பிளாக், அத்தனை ஜன்னல், அத்தனை கண். சாப்பிடுகிற நேரத்திலாவது கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைக்கக் கூடாதா என்று கேட்டார்.

பவுலினா திரும்பிப் பிளாக்கைப் பார்த்தாள். கொடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சுலோச்சனாவின் கடையில் ஆவி பறந்தது. இரண்டாம் மாடி ஜன்னலில் ஹமீது பாய் ஊசியில் நூல் கோக்க வெளிச்சத்துக்குக் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

“எங்களுக்கு இந்தப் பக்கம் பிடிச்சிருக்கு மேடம்,” என்றாள் பவுலினா. “உங்களுக்குப் பார்க்கப் பிடிக்கலைன்னா நீங்க திரும்பி உட்காருங்க.”

பஸ் வந்துகொண்டிருந்தது. ஓட வேண்டியிருக்கவில்லை. நடந்தே போய் ஏறிக்கொண்டாள்.